பாருஸ்: கல்லும் இல்லை, கற்பூரமும் இல்லை, ஆனாலும் போகலாம்

பாருஸ் என்ற சுமத்ரா ஊரைத் தேடிப் போகும் தமிழர்கள் பெரும்பாலும் இரண்டு பொருளை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஒன்று 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு. மற்றது கற்பூரம். இரண்டும் இன்று அந்த ஊரில் இல்லை. கல் ஜகார்த்தாவில் இருக்கிறது. கற்பூர மரங்கள் பல நூற்றாண்டுகளாக வெட்டுப்பட்டு அரிதாகிவிட்டன. இது தெரியாமல் நாள் முழுக்க வண்டியில் குலுங்கி வந்து இறங்குகிறவர்கள் கடைத்தெரு, மீன் சந்தை, தென்னந்தோப்பு, நாலு கல்லறை என்று பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். எதை எங்கே, எந்தப் பெயரில் கேட்பது என்று தெரிந்து போனால் மூன்று நாள் போதாது.

ஊர் இருக்கும் இடம் முதலில். வட சுமத்ரா மாகாணம், தாபானுலி தெங்கா மாவட்டம். மாவட்டத் தலைமையிடமான பண்டானும் அதை ஒட்டிய துறைமுக நகரான சிபோல்காவும் பாருஸுக்குத் தென்கிழக்கே, கடற்கரைச் சாலையில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் தொலைவில். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் புக்கிட் பாரிசான் மலைத்தொடர். நடுவில் ஒடுங்கிய சமவெளி. கரையில் வாழ்கிறவர்கள் பசிசிர் மக்கள், பேச்சு மினாங்கபாவ் மொழிக்கு நெருக்கமான மலாய், பெரும்பாலும் முஸ்லிம்கள். மலையேறினால் தோபா பத்தாக் மக்களும் பக்பக் மக்களும். அங்கே தேவாலயங்கள் அதிகம். பழைய பாருஸில் இரண்டு அரச குடும்பங்கள் இருந்தன. மேலாற்றங்கரைக்கு ஹுலு ராஜா, கீழாற்றங்கரைக்கு ஹிலிர் ராஜா. மலையிலிருந்து இறங்கும் பிசினும் கற்பூரமும் ஒருவர் பிடியில், கடலுக்குப் போகும் வழி இன்னொருவர் பிடியில். இந்த மலை, கரை உறவைப் புரிந்துகொண்டால்தான் ஊர் புரியும். கரையை மட்டும் பார்ப்பவர்கள் பாதி பாருஸைத்தான் பார்க்கிறார்கள்.

போகும் வழி

பாருஸுக்கு இரண்டு வழி உண்டு. பலரும் பிடிப்பது மாகாணத் தலைநகரான மேடானிலிருந்து பராபட், பலிகே, சிபொரொங்பொரொங், தாருத்துங் வழியாகச் சிபோல்கா இறங்கி, அங்கிருந்து கரையோரமாக வடமேற்கே திரும்பும் வழி. மேடான் முதல் சிபோல்கா வரை சுமார் 350 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து ஆறு மணி நேரம் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. மேடானை விட்டுப் போகும் சுங்கச்சாலை முதல் பகுதியைச் சுருக்கிவிடும், உண்மைதான். ஆனால் தாருத்துங்கிலிருந்து சிபோல்கா இறங்கும் அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம் முழுக்க வளைவு. ஆயிரத்து இருநூறு திருப்பம் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். சிபோல்காவுக்குச் சற்று முன்னால் டச்சுக்காரர் காலத்தில் பாறையைக் குடைந்த பத்து லோபாங் சுரங்கங்கள் வரும். ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் நுழைய முடியும். எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். ஒன்பது, பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் பாருஸுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.

இரண்டாவது வழி சிலாங்கிட் விமான நிலையம் வழியாக. ஜகார்த்தாவிலிருந்து சிலாங்கிட்டுக்கு விமானம் உண்டு. அட்டவணை அடிக்கடி மாறும், கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. சிலாங்கிட்டிலிருந்து டோலோக் சங்குல், பக்காட் என்று மலைமீதே போய்ப் பாருஸில் இறங்கலாம். எங்கள் பரிந்துரை இதுதான். சாம்பிராணி விளையும் காடு இந்த வழியில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலைச்சரக்கு கரைக்கு இறங்கிய திசையும் இதுதான். சாலை ஒடுக்கம், மழை பெய்தால் மண் சரியும். காலை எட்டு மணிக்குள் டோலோக் சங்குலை விட்டுவிட வேண்டும். பிற்பகலில் மேகம் இறங்கிவிடும்.

இந்த வழியில் வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம். ஓட்டுநரோடு வாடகை வண்டி எடுங்கள். காரணம் வளைவு மட்டுமில்லை. "ஜாலான் புத்துஸ்" என்றால் சாலை அறுந்துவிட்டது, "லொங்சோர்" என்றால் மண்சரிவு. எதிரே வரும் லாரிக்காரரை நிறுத்தி இதைக் கேட்டு, சரி, இன்றைக்கு இந்தப் பக்கம் வேண்டாம் என்று முடிவெடுக்க ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். வரைபடச் செயலி இதைச் சொல்லாது. தனியாகப் போகிறவர்களுக்கு "ட்ராவல்" என்ற பங்கு வண்டி உண்டு. ஏழெட்டுப் பேரை ஏற்றி வீட்டு வாசலில் இறக்குவார்கள். முன் இருக்கையை முந்தின நாளே சொல்லி வைத்தால் குமட்டல் குறையும். ஊருக்குள் சுற்ற மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டி இணைத்த பெச்சாக் போதும்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மேடான் குவாலானாமு விமான நிலையத்தில் இறங்கியதும் 30 நாள் விசா கிடைக்கும். கட்டணம் 5,00,000 ரூப்பியா. ஒரு தடவை நீட்டிக்கலாம். கடவுச்சீட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். மேடானை விட்டால் அட்டையை நம்ப வேண்டாம். சிறு நோட்டுகளாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துத் தேநீர்க் கடையில் ஒரு லட்சம் ரூப்பியா நோட்டை நீட்டினால் சில்லறைக்காகக் கடைக்காரர் தெரு முழுக்க அலைவார்.

கல் இருந்த இடம்

பாருஸ் நகரத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் போனால் லோபு துவா. "பழைய குடியிருப்பு" என்று பொருள் கொள்ளலாம். 1873இல் அங்கே கிடந்த கல்லில் எழுத்து இருப்பது டச்சு அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தது. தமிழ் என்று பிறகு தெரிந்தது. 1932இல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைப் பற்றி எழுதினார், பின்னால் எ. சுப்பராயலு முழுமையாக மறுபடி வாசித்தார். சக ஆண்டு 1010, மாசி மாதம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வாரோசில், அதாவது பாருஸில், கூடி எடுத்த முடிவு அதில் இருக்கிறது. கப்பலின் நாயகனும் கேவிகள் எனப்படும் படகாளிகளும் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் செலுத்திவிட்டுத்தான் பாவாடை ஏற வேண்டும். இங்கே பாவாடை என்பது நடப்பதற்கு விரித்த துணி. சுருக்கமாக, துறைமுகக் கட்டணத்தைக் கட்டு, பிறகு உள்ளே வா.

இது வணிகர் கல். அரசன் கல் அல்ல. ராஜேந்திரன் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மேல் படையெடுத்ததையும் இந்தக் கல்லையும் ஒன்றாக்கி, "சோழர் ஆண்ட பாருஸ்" என்று பேசுகிற வழக்கம் இணையத்தில் பரவிக் கிடக்கிறது. கல்லில் அப்படி எதுவும் இல்லை. உள்ளூர்க்காரரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

லோபு துவாவில் பார்க்க என்ன இருக்கிறது? வீடுகள், தோட்டங்கள், உற்றுப் பார்த்தால் தெரியும் மண்மேடு. 1990களின் பிற்பகுதியில் குளோத் கியோ தலைமையில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் இங்கே அகழ்ந்தார்கள். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னிந்தியப் பானை ஓடு எல்லாம் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் சட்டென்று நின்றுபோயிருக்கிறது. ஏன் என்பதற்கு உள்ளூரில் ஒரு பதில் உண்டு: கெர்காசி என்ற பூதங்கள் கடல்வழி வந்து ஊரை அழித்துவிட்டன. பூதம் என்று யாரைச் சொன்னார்களோ.

வழி கேட்கும்போது "தமிழ்க் கல்வெட்டு" என்று கேட்டால் பலன் இல்லை. "சித்துஸ் லோபு துவா" என்று கேளுங்கள், அல்லது "பத்து பெர்சுராத்", எழுத்துள்ள கல். பெரும்பகுதி தனியார் நிலம். முதலில் கெபாலா டேசாவை, அதாவது கிராமத் தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு நுழைவதே முறை. மழைக்குப் பிறகு பானை ஓடுகளும் பழைய மணிகளும் மண்ணுக்கு மேலே வந்து கிடக்கும். பிள்ளைகள் கை நிறைய எடுத்து வந்து விலை சொல்வார்கள். வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் 11ஆம் எண் பண்பாட்டு மரபுச் சட்டப்படி தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போவது குற்றம். நீங்கள் ஒரு மணிக்குப் பணம் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்குவார்கள். ஏற்கெனவே பொன் தேடித் தோண்டித்தான் இந்த இடம் பாதி குலைந்தது.

கல்லையே பார்க்க வேண்டுமென்றால் ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகம். 2023 செப்டம்பரில் அங்கே தீ விபத்து நடந்து, 2024 அக்டோபரில்தான் திரும்பத் திறந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை. அந்தக் கல் இப்போது காட்சியில் இருக்கிறதா, கிடங்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் ஜகார்த்தாவை முதலில் முடித்து, கல்லின் வாசகத்தை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பாருஸ் போங்கள். லோபு துவா மண்மேட்டில் நின்று "வேளாபுரத்துக் கூடி" என்று படிக்கிறபோது அந்தத் தோட்டம் வேறு மாதிரி தெரியும்.

கல்லறைகள்

இந்தோனேசியர்களுக்குப் பாருஸ் என்றால் இதுதான். நாட்டில் இஸ்லாம் முதலில் கால்பதித்த இடம் என்ற நம்பிக்கை; 2017 மார்ச் 24 அன்று குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோ "சுழியம் கிலோமீட்டர்" நினைவுச்சின்னத்தைத் திறந்துவைத்தார். ஏழாம் நூற்றாண்டு என்று பலகைகள் சொல்லும். ஆய்வாளர்கள் தேதியோடு படித்த கல்லறைக் கற்களில் பழையது ஹிஜ்ரி 772, அதாவது 1370. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லறையில் நின்று வாதாடாதீர்கள்.

பாபான் திங்கி குன்றின் மேல் ஷேக் மஹ்மூதின் அடக்கத்தலம் இருக்கிறது. படிகள் எழுநூறுக்கு மேல். எண்ணிக்கை எண்ணுகிற ஆளுக்கு ஆள் மாறும். செங்குத்து. காலை ஏழு மணிக்கு முன் தொடங்கினால் நாற்பது நிமிடத்தில் ஏறிவிடலாம். பத்து மணிக்குத் தொடங்கினால் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளைச் சாய்த்துவிடும். ஒருவருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். மழை பெய்திருந்தால் ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பாசி பிடித்த படியில் ரப்பர் செருப்பு வழுக்கும். முழங்கால் மறையும் உடை, பெண்களுக்குத் தலைத்துணி. காலணியை எங்கே கழற்ற வேண்டும் என்று முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்தால் போதும். மேலே ஏழு மீட்டருக்கும் மேல் நீண்ட ஒற்றைக் கல்லறை, உயர்ந்த நடுகற்கள், கீழே முழுக் கடற்கரையும். பாருஸ் ஏன் துறைமுகமானது என்று இந்த இடத்திலிருந்து பார்த்தால் கேள்வியே வராது.

மஹ்லிகாய் வேறு மாதிரி. உயரம் குறைந்த மேடு, ஏராளமான கல்லறைகள், செதுக்கிய கற்கள். அவசரக்காரர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பாபான் திங்கியை விட இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதிகம் கிடைக்கும். ரமலானுக்கு முந்தைய வாரங்களிலும் வியாழன் மாலைகளிலும் யாத்திரிகர் கூட்டம் வரும். அமைதி வேண்டுமென்றால் திங்கள், செவ்வாய். ஹம்ஸா ஃபன்சூரி என்ற 16ஆம் நூற்றாண்டு மலாய்ச் சூஃபிக் கவிஞரின் பெயரில் இருக்கும் ஃபன்சூர் இந்த வட்டாரம்தான். அரபு வணிகர் "காஃபூர் ஃபன்சூரி" என்று எழுதியதும் இங்கிருந்து போன கற்பூரத்தைத்தான்.

கற்பூரம் என்று கேட்டால்

சுமத்ராவின் எந்தக் கடையிலும் "காபூர் பாருஸ்" கேட்டால் உடனே கிடைக்கும். வெள்ளை உருண்டை, பல வண்ணத்திலும் உண்டு. அது நாப்தலீன், நம் அலமாரியில் போடும் பாச்சை உருண்டை. உலகம் பொன் கொடுத்து வாங்கிய சரக்கின் பெயர் இன்று கழிப்பறை மணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசையாக வாங்கி வந்து பூசைத் தட்டில் வைத்தவர்கள் உண்டு. வாயில் போட்டால் விபரீதம்: நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடிய நஞ்சு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து மிக அதிகம்.

உண்மையான பாருஸ் கற்பூரம் ட்ரையோபலனாப்ஸ் என்ற நெடுமரத்தின் உள்ளே, முதிர்ந்த அடிமரத்தின் நீள்வெடிப்புகளில் படிகமாகச் சேர்வது. வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. மரத்தை வெட்டிச் சாய்த்துப் பிளந்தால்தான் தெரியும். பல மரங்களில் ஒன்றுமே இருக்காது. விலைக்கும் அழிவுக்கும் காரணம் ஒன்றே. நம் கோயில் சூடம் வேறு. சினமோமம் கேம்போரா என்ற சீன, ஜப்பானிய மரத்திலிருந்து வந்தது. இன்று பெரும்பாலும் பைன் மரத் தைலத்திலிருந்து ஆலையில் செய்வது. வேதிப்பொருளும் வேறு: பாருஸ் சரக்கு போர்னியால், சூடம் கேம்ஃபர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது வாறோசு, சூடன், சீனச்சூடன் என்று தனித்தனியாகச் சொல்கிறார். இந்த வேறுபாடு மதுரைக் கடைத்தெருவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. இன்று பச்சைக் கற்பூரம் என்று பொட்டலத்தில் விற்பதைப் பாருஸ் மரத்தின் படிகம் என்று நினைத்துவிட வேண்டாம்.

யாராவது சிறு சீசாவில் "அஸ்லி", அதாவது அசல், என்று படிகம் காட்டினால் என்ன செய்வது? தண்ணீர்ச் சோதனை ஒன்று பழைய காலத்திலிருந்து உண்டு. போர்னியால் நீரில் மூழ்கும், சூடம் மிதக்கும். துகளாகப் போட்டால் எதுவும் மிதக்கும், ஆகவே பருக்கையை விரலால் நனைத்து அழுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் நாப்தலீனும் மூழ்கும்! மூழ்கியதால் அசல் என்று முடிவு கட்டுவதில்தான் ஏமாற்றம். மோந்து பார்த்து, பாச்சை உருண்டை வாடை ஒரு துளி அடித்தாலும் ஒதுக்கிவிடுங்கள். எப்படியிருந்தாலும் கிடைத்ததை உண்ண வேண்டாம்.

சாம்பிராணிக் காடு

கற்பூரம் போனாலும் சாம்பிராணி இன்னும் இருக்கிறது. பாருஸிலிருந்து மலையேறினால், பக்காட் தாண்டி டோலோக் சங்குல் சுற்றுவட்டாரம் முழுக்க அது மக்களின் பிழைப்பு. இந்தோனேசிய மொழியில் கெமென்யான், பத்தாக் மொழியில் ஹமின்ஜோன். ஸ்டைராக்ஸ் இன மரம். இரண்டு வகை பயிராகிறது. தோபா வகை என்பதற்கு விலை அதிகம், டுராமே என்பதற்குக் குறைவு. தோட்டம் என்று சொன்னாலும் பார்ப்பதற்குக் காடுதான். மற்ற மரங்களின் நிழலுக்கு நடுவே வளர்க்கிறார்கள்.

எட்டுப் பத்து வயது ஆன மரத்தில்தான் கை வைப்பார்கள். முதலில் அடியைச் சுற்றிப் புதரைக் களைவது. பிறகு மரப்பட்டையின் வெளிச் சொரசொரப்பையும் பாசியையும் சுரண்டி வழவழப்பாக்குவது. பிசினில் குப்பை ஒட்டாமல் இருக்க இந்த வேலைதான் முக்கியம்; இதில் சோம்பினால் விலை பாதியாகும். அடுத்து உளி போன்ற கருவியால் பட்டையில் சிறு துளைகள், வரிசை வரிசையாக, கயிறு கட்டி ஏறி மேல்வரை. துளையிட்ட இடத்தில் கருவியின் பிடியால் தட்டிப் பட்டையை மூடிவிடுவார்கள். பால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஊறிச் சேர்ந்து இறுகும். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துப் பட்டையோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்தால் அதுதான் முதல் தரம்: வெள்ளைக் கட்டி. அதற்குப் பிறகும் அந்தக் காயத்திலிருந்து கசிவதை இன்னும் சில மாதம் கழித்துச் சுரண்டுவார்கள். அது பழுப்பு, பட்டைத்தூள் கலந்தது, அடுத்த தரம்.

ஆழமாகக் குத்தினால் கட்டை காயப்பட்டு மரம் நோயில் விழும். ஒரே ஆண்டில் துளையை அதிகமாக்கினால் அடுத்த ஆண்டு பால் வற்றும். இளமரத்தைக் குத்தினால் தண்ணீர்ப்பால்தான் வரும். இதையெல்லாம் தாத்தாவோடு காட்டுக்குப் போன பையன் கற்றான். இப்போது பையன்கள் காப்பிச் செடிக்கும் நகரத்துக்கும் போய்விட, ஏறத் தெரிந்தவர்களின் வயது கூடிக்கொண்டே போகிறது.

குத்துவதற்கு முன் சிலர் இதாக் குர்குர் என்ற அரிசிமாவுப் பண்டத்தை மரத்தடியில் வைப்பார்கள். விருப்பமில்லாத திருமணத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய பெண் மரமானாள், அவள் கண்ணீர்தான் பால் என்பது கதை. குத்துகிறவர் மரத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது படம் எடுக்காதீர்கள். காட்டுக்குப் போக வேண்டுமென்றால் டோலோக் சங்குலில் தங்கி, சந்தையில் வாங்கும் வியாபாரி ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்லும் விவசாயியோடு போங்கள். அவருடைய ஒரு நாள் கூலியைக் கொடுப்பது நியாயம். அட்டைப்பூச்சி உண்டு, நீளமான காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துவிடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு. சந்தையைப் பத்தாக் மொழியில் ஓனான் என்பார்கள். நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். புதிதாக எடுத்த பிசின் மெழுகுபோல் இளகியிருக்கும். வியாபாரிகள் மாதக்கணக்கில் கிடங்கில் வைத்து இறுக்குவார்கள். இளசை மலிவு என்று வாங்கினால் விமானப் பெட்டியில் துணியோடு சேர்ந்து ஒரே கட்டியாகும். நகத்தால் கீறினால் பதியாத கட்டியை எடுங்கள். உடைத்தால் பால்வெள்ளை தெரிய வேண்டும். அச்சில் வார்த்த செங்கல் போன்ற கட்டியில் டமார் என்ற பிசின் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நம் குங்கிலியத்தின் உறவு அது. மருந்துக்கடைச் சாராயத்தில் ஒரு துண்டைப் போட்டால் நல்ல சாம்பிராணி பட்டைத் துணுக்கு போகக் கரைந்துவிடும். டமார் கலந்திருந்தால் கலங்கலாக அடியில் தங்கும். நெருப்பில் போட்டால் சாம்பிராணிக்குத் தொண்டையைப் பிடிக்கும் அடர்ந்த வெண்புகை வரும். லாவோஸ் சாம்பிராணியின் வனிலா வாசத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம். சுமத்ராச் சரக்கில் சினமிக் அமிலம் அதிகம், வாசம் காரமாக இருக்கும். தாவரப் பொருள் என்பதால் சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சாப்பாடும் பேச்சும்

கரையில் மீன். கம்பியில் கோத்துச் சுடும் பங்காங் பாச்சாக் சிபோல்காவுக்கும் பாருஸுக்கும் உரிய பண்டம். காலையில் படகு வந்த மீன் என்றால் கேட்டே வாங்குங்கள். மலையில் உணவகப் பலகையில் "பி1", "பி2" என்று எழுதியிருந்தால் பி1 நாய், பி2 பன்றி. தெரியாமல் உட்கார்ந்துவிட்டு முகம் சுளிப்பதைவிட முன்பே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. சைவர்கள் "நான் வெஜிடேரியன்" என்றால் மீன்குழம்பு வரும். "தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெராசி", அதாவது இறைச்சி, மீன், இறால் விழுது மூன்றும் இல்லாமல் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இடித்த மரவள்ளிக் கீரை அருமையாக இருக்கும். ஆனால் நெத்திலி சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். தெம்பேயும் தொஃபுவும் எங்கும் கிடைக்கும்.

பத்தாக் மக்கள் "ஹோராஸ்" என்பார்கள். கரையில் "அஸ்ஸலாமு அலைக்கும்" அல்லது வெறும் "பாக்" (ஐயா), "பு" (அம்மா) போதும். மலையில் இரண்டாவது கேள்வியே "மார்கா என்ன?", அதாவது குலப்பெயர் என்ன என்பதாக இருக்கும். தமிழ் என்றால் யாராவது ஒருவர் "அப்படியென்றால் செம்பிரிங்!" என்பார். வடக்கே காரோ மலையில் செம்பிரிங் குலத்தின் கிளைகள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி என்று பெயர் வைத்திருக்கின்றன. அதனால் அந்தப் பேச்சு. கெளிங் என்ற சொல்லும் காதில் விழும். பெரியவர்கள் வாயில் அது "கலிங்கக் கரை ஆள்" என்ற பழைய பொருளில்தான் வரும், வம்புக்கு இழுக்கத் தேவையில்லை.

வெள்ளி நண்பகல் கரையூர் மூடியிருக்கும், ஞாயிறு காலை மலையூர் மூடியிருக்கும். பயண நாளை இதற்கேற்ப வைத்தால் ஒரு நாள் மிச்சம்.

மழை, கடல், நிலம்

சுமத்ராவின் மேற்குக் கரையில் மழையில்லா மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூன், ஜூலை ஓரளவு தேவலை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தவிர்க்கலாம். 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் கொட்டிய மழையில் தாபானுலி தெங்காவும் சிபோல்காவும் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. உயிரிழப்பும் மிகப் பெரிது. கிளம்புவதற்கு முன் எந்தப் பாலம் திரும்பக் கட்டியாகிவிட்டது, எந்தப் பாதை மாற்றுப்பாதை என்று ஓட்டுநரிடம் கேட்டே தீர வேண்டும். திரும்பும் விமானத்துக்கும் பாருஸை விடும் நாளுக்கும் நடுவில் ஒரு நாள் முழுதாக ஒதுக்கி வையுங்கள்.

2005 மார்ச் 28 நிலநடுக்கம், 8.6 அளவு, எதிரே இருக்கும் நியாஸ் தீவைக் குலைத்தது. இந்தக் கரையில் தங்கும் யாரும் முதல் நாளே, சுனாமி வந்தால் மேட்டுக்குப் போகும் வழியை நடந்து பார்த்து வைக்க வேண்டும். இந்தோனேசியாவில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு 20-20-20. இருபது நொடி நில்லாமல் ஆடினால், இருபது நிமிடத்துக்குள், இருபது மீட்டர் உயரம். எச்சரிக்கைச் சங்கு ஊதும் வரை காத்திருக்கக் கூடாது. கடற்கரை விடுதியில் இரண்டாம் மாடி கிடைத்தாலும், குன்று இருக்கும் பக்கம் சாலைக்கு அருகில் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். இரவில் காலணியையும் கைவிளக்கையும் கட்டிலுக்கு அடியில் வைத்துப் படுங்கள்.